வீட்டுக்கு ஒரு வாக்கியம்

வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் வந்து டில்லிபாபு வீடு எது என்று கேட்டால், "எந்த டில்லிபாபு?" என்று திருப்பிக் கேட்பார்கள். மைக் டில்லி என்று சொல்லிவிட்டால் போதும், கூடவே வந்து வாசலில் விட்டுவிட்டுப் போவார்கள். ஆட்டோவின் கூரைமேல் குழாய் ஸ்பீக்கர்களைக் கட்டி, பேட்டரியைக் காலடியில் வைத்துக்கொண்டு, தெருத்தெருவாக அறிவிப்பு சொல்லிப் போவதுதான் அவன் தொழில். ஆடித் தள்ளுபடி, அம்மன் கோயில் கூழ், கட்சிக் கூட்டம், காணாமல்போன பெரியவர் என்று பேசின் பிரிட்ஜ் தொடங்கி எண்ணூர் வரைக்கும் ஊருக்குத் தெரியவேண்டியதெல்லாம் அவன் தொண்டை வழியாகத்தான் போயிற்று. ஆட்டோ ஓட்டுகிறவன் அவனுடைய மச்சான் பகலவன்.

நேரில் டில்லி அதிகம் பேசமாட்டான். பேசினாலும் குரல் வாயைத் தாண்டி வராது. கையில் மைக்கைக் கொடுத்தால் ஆளே வேறு. "வூட்ல வாயத் தொறக்கறது சோறு துண்றதுக்குத்தான்" என்பாள் அவன் மனைவி கெங்கம்மா. "என்னாண்ட பேச வைக்கணும்னா நானும் ஒரு மைக்கு வாங்கியாரணும் போல கீது."

தொண்ணூறுகளின் நடுவில் போலியோ சொட்டு மருந்து முகாம்கள் தொடங்கியபோது, சுகாதாரத் துறைக்காரர்கள் அவனைக் கூப்பிட்டு ஒரு தாளைக் கொடுத்தார்கள். 'ஐந்து வயதிற்குட்பட்ட அனைத்துக் குழந்தைகளுக்கும்' என்று தொடங்கும் தாள். முதல் முறை அதை அட்சரம் பிசகாமல் படித்தான். ஒரு கதவும் திறக்கவில்லை. சில வீடுகளில் பிள்ளைகளைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்துவைத்தார்கள். அடுத்த முறை தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "எம்மா, எக்கா, அடுப்ப அணைச்சிட்டு கொயந்தைய தூக்கினு வா! ரெண்டே சொட்டு, ஜென்மத்துக்கும் காலு நிக்கும்!" என்றான். பெண்கள் சிரித்துக்கொண்டே வந்தார்கள். அதற்கப்புறம் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொல்லவும், இருமல் விடாதவர்களைச் சளிப் பரிசோதனைக்கு வரச்சொல்லவும் அவனைத்தான் அழைத்தார்கள். அவன் சொன்னால் ஜனம் கேட்கிறது என்று ஒரு பேர் வந்துவிட்டது.

ஓடுகிற ஆட்டோவிலிருந்து பேசுவதில் ஒரு சங்கடம் உண்டு. ஒரு வீட்டுக்கு ஒரு வாக்கியம்தான் முழுதாகக் கேட்கும். அடுத்த வாக்கியம் அடுத்த வாசலுக்குப் போய்விடும். ஆகவே சொல்கிற ஒவ்வொன்றும் தன்னந்தனியாக நிற்கவேண்டும், கேட்டவன் காதில் ஒட்டிக்கொள்ளவேண்டும். டில்லி தன் அனுபவத்தில் கற்றது இது. இதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

தொண்ணூற்றெட்டில் எய்ட்ஸ் விழிப்புணர்வுக்கென்று ஒரு தொண்டு நிறுவனம் அவனை அமர்த்தியது. துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் அப்போதெல்லாம் எண்ணூர் நெடுஞ்சாலையில் திருவொற்றியூரையும் தாண்டி வால் நீட்டி நிற்கும். ஊர் ஊராகச் சுற்றி வந்து அங்கே நாள்கணக்கில் காத்துக்கிடக்கிற டிரைவர்களுக்கும், சாலையை ஒட்டிய தெருக்களுக்கும் அறிவிப்பு சொல்லவேண்டும். நிறுவனத்தில் இதற்குப் பொறுப்பு மகிழினி என்கிற இளம்பெண். சமூகப்பணி படித்தவள், வெயில் பார்க்காமல் அலைகிறவள். அவள் எழுதிக்கொடுத்ததில் பாதி, நோய் எப்படிப் பரவும் என்பது. மீதிப் பாதி, எப்படியெல்லாம் பரவாது என்பது.

தெருவில் பெண்டுபிள்ளைகள் கேட்க உடலுறவு என்று மைக்கில் எப்படிச் சொல்வது? ஆணுறை என்று ஒருமுறை சொன்னதற்கே காலடிப்பேட்டையில் மாடியிலிருந்து ஒருவர் அரிசி களைந்த தண்ணீரை ஆட்டோமேல் ஊற்றினார். டில்லி இரண்டு நாள் யோசித்து, தானாகவே ஒன்று கட்டினான்.

"கண்ட எடத்துல தொட்டவன் கெட்டான்! கெட்டவன் கட்டையில போயிட்டான்! வந்தா போவாது, வைத்தியம் கெடையாது!"

மகிழினி முகத்தைச் சுளித்தாள். "அண்ணே, ரொம்ப பயமுறுத்துற மாதிரி இருக்கே."

"பயந்தாதாம்மா காது குடுப்பான். அசிங்கமா ஒரு வார்த்த இல்ல பாரு. பொம்பளைங்க கேட்டாலும் தப்பில்ல."

அவள் அரைமனதாகத் தலையாட்டினாள். நிறுவனத்தின் பெரியவர்களுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. சுவர்களில் மண்டையோடு வரைந்து பக்கத்தில் எழுதிவைத்தார்கள். மாதம் திரும்புவதற்குள் அந்த வரி டில்லியின் வாயை விட்டு ஊரின் வாய்க்குப் போயிற்று. தெருப் பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடும்போது, பிடிபட்டவனைப் பார்த்து "தொட்டவன் கெட்டான்!" என்று கத்தினார்கள். டில்லிக்கு அதைக் கேட்கச் சந்தோஷமாக இருந்தது.

அந்த லாரி வரிசையில் அவனுக்கு ஒரு சிநேகிதன் இருந்தான். சாலமோன். தூத்துக்குடிப் பக்கத்துக்காரன். ஒரு தேர்தல் சமயத்தில் டில்லியின் பேட்டரி நடுரோட்டில் உயிரை விட்டபோது, தன் லாரி பேட்டரியிலிருந்து வயர் இழுத்துக்கொடுத்துக் காப்பாற்றியவன். அன்று தொடங்கிய பழக்கம். சாலமோன், மனைவி சுஜாவோடும் மகள் எல்சியோடும் காலடிப்பேட்டையில் சீனியம்மாளின் காம்பவுண்டில் குடியிருந்தான். சீனியம்மாளும் தெக்கத்திக்காரி, முன்பக்கம் மளிகைக்கடை, பின்பக்கம் வரிசையாக வாடகை வீடுகள், நடுவில் எல்லோருக்குமாக ஒரு அடிபம்பு. அந்தப் பக்கம் போனால் டில்லிக்குச் சாப்பாடு சுஜா கையால்தான். அவள் வைக்கிற மீன்குழம்பைப் பற்றி மட்டும் டில்லி மைக் இல்லாமலே நாலு வார்த்தை பேசுவான்.

சாலமோனுக்கு டில்லியைக் கேலி செய்யாமல் பொழுது போகாது. "ஏல மைக்கு, என்ன பேச்சு பேசுத! நீ வந்துட்டுப் போனா வரிசையில நிக்க பயலுவ ஒண்ணுக்கு இருக்கவே பயப்படுதானுவ."

இரண்டாயிரத்து ஒன்றில் சாலமோன் மெலியத் தொடங்கினான். ஓயாத வயிற்றுப்போக்கு, விட்டுவிட்டு வரும் காய்ச்சல். மஞ்சள் காமாலை என்றார்கள், குடல்புண் என்றார்கள். லாரியை விட்டு இறங்கினான். பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டுக்கொண்டான். கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள்.

அதற்கு மறுநாள் மத்தியானம், டில்லியை அவன் கடற்கரைக்கு அழைத்துப்போனான். அலை ஊரைத் தின்னாமலிருக்கக் கொட்டியிருந்த கருங்கற்கள்மேல் இருவரும் உட்கார்ந்தார்கள். வெயில் கல்லில் பட்டுக் கண்ணைக் கூசவைத்தது.

"எனக்கு அந்த வியாதிதாம்ல" என்றான் சாலமோன்.

டில்லி கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். எந்த வியாதி என்று அவன் கேட்கவில்லை.

"நீ சொல்லுதியே, வைத்தியம் கெடையாதுன்னு. அது உள்ளதா? இல்ல, மைக்குக்காவச் சொல்லுததா?"

மகிழினி கொடுத்த தாளில் என்ன இருந்தது என்று டில்லி நினைவுபடுத்திப் பார்த்தான். அவனுக்கு அவனுடைய வரி மட்டும்தான் நினைவுக்கு வந்தது. "கேட்டுகினு வரேன்டா" என்றான். "கேட்டுகினு வந்து சொல்றேன். நீ ஒண்ணியும் நெனைக்காத."

அங்கிருந்து நேராக மகிழினியிடம் போய் விஷயத்தைச் சொன்னான். அவள் மெதுவாகச் சொன்னாள். மாத்திரைகள் இருக்கின்றன; வெளிநாட்டில் அவற்றைத் தின்று நன்றாகவே இருக்கிறார்கள்; இங்கேயும் தனியாரிடம் கிடைக்கும், ஆனால் ஆயுசு முழுக்கச் சாப்பிடவேண்டும்; ஒரு லாரி டிரைவரால் அது ஆகாது. அரசாங்கத்தில் இன்னும் கொடுக்க ஆரம்பிக்கவில்லை. காய்ச்சல், வயிற்றுப்போக்கு, காசநோய் என்று கூடவே வருகிறவற்றுக்குத் தாம்பரம் ஆஸ்பத்திரியில் நன்றாகப் பார்ப்பார்கள்.

"அப்போ வைத்தியம் கீதுன்னு சொல்லலாமாம்மா?"

"இருக்குண்ணே" என்றாள் மகிழினி. "நமக்குத்தான் இல்ல."

டில்லி சாலமோனிடம் தாம்பரத்தைப் பற்றி மட்டும் சொன்னான். சாலமோன் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சரி என்றான்.

செய்தி லாரி ஷெட்டில் கசிந்து, டீக்கடையில் நின்று, காம்பவுண்டுக்குள் வந்து சேர அதிக நாள் ஆகவில்லை. ஒருநாள் காலை சுஜா குடத்தோடு போனபோது அடிபம்பைச் சுற்றி நின்ற பெண்கள் விலகினார்கள். மரியாதைக்கு விலகுகிறார்கள் என்று முதலில் நினைத்தாளாம். அவள் தண்ணீர் அடித்துவிட்டுத் திரும்பியதும், ஒருத்தி புளியும் சாம்பலும் கொண்டுவந்து பம்பின் கைப்பிடியைத் தேய்த்தாள்.

டில்லி சீனியம்மாளைப் போய்ப் பார்த்தான். அவள் கடையில் பருப்பு புடைத்துக்கொண்டிருந்தாள். கெட்டவள் இல்லை. சாலமோன் வேலைக்குப் போகாத மாதங்களில் அரிசியும் எண்ணெயும் தானாகவே கொடுத்தனுப்பியவள்.

"ஆச்சி, கொயால தண்ணி புடிச்சா அது வராது ஆச்சி. சத்தியமா வராது."

"எனக்குப் பேரப்புள்ளைய இருக்கு டில்லி" என்றாள் சீனியம்மாள், முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "தொட்டவன் கெட்டான்னு நீதானய்யா சொன்ன? எத்தன நாளு இந்த வாசல் வழியாச் சொல்லிட்டுப் போன? நான் படிச்சவளா? நீ சொன்னததான் கேட்டுக்கிட்டேன்."

"அந்தத் தொடறது இல்ல ஆச்சி. அது வேற தொடறது..."

"வேற தொடுததுன்னா?"

கடையில் சாமான் வாங்க வந்த பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். மைக்கில் சொல்லக் கூசியதை மளிகைக்கடையில் எப்படிச் சொல்வது? டில்லி தலையைச் சொறிந்துகொண்டு வெளியே வந்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை யாரும் சொல்லாமல், யாரும் கூப்பிடாமல், பகலவனைக் கூட்டிக்கொண்டு அந்தத் தெருவுக்குப் போனான். "இன்ஜின ஆஃப் பண்ணு மச்சான். இன்னிக்கி வண்டி நவுரக் கூடாது" என்றான். ஒரே இடத்தில் நின்று பேசினால் எல்லா வீட்டுக்கும் எல்லா வாக்கியமும் கேட்கும் அல்லவா? தாளின் பின்பாதியை மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தான். தொட்டால் வராது. பக்கத்தில் உட்கார்ந்தால் வராது. ஒரே தட்டில் தின்றால் வராது, ஒரே பம்பில் தண்ணீர் பிடித்தால் வராது, கொசு கடித்தால் வராது. நிறுத்தி நிதானமாகச் சொன்னான். ஜனங்கள் வாசலுக்கு வந்து கேட்டார்கள். ஒரு வீட்டிலிருந்து டீ கூட வந்தது. டில்லிக்கு நெஞ்சில் கொஞ்சம் தெம்பு பிறந்தது.

அப்போது எதிர்வீட்டு மாடியிலிருந்து ஒருவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டே கேட்டார்: "இன்னா டில்லி, போன வருசம் தொட்டவன் கெட்டான்ன. இந்த வருசம் தொட்டா வராதுன்ற. துட்டு குடுக்கறவன் இன்னா சொல்லச் சொல்றானோ அதுதானா?"

தெருவே சிரித்தது. "இது துட்டுக்கு இல்லபா" என்று டில்லி சொன்னபோது மைக் கீச்சிட்டு, அந்தச் சொல் யாருக்கும் கேட்கவில்லை.

மறுநாள் அடிபம்பின் கைப்பிடியில் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தார்கள். வீட்டுக்கு ஒரு சாவி. சுஜாவுக்கு மட்டும் இல்லை. யாராவது மனமிரங்கி அடித்துக் குடத்தில் தூக்கி ஊற்றும்வரை அவள் தள்ளி நிற்கவேண்டும். எல்சியைப் பிள்ளைகள் விளையாட்டில் சேர்த்துக்கொள்ளவில்லை. எப்போதாவது சேர்த்துக்கொண்ட நாளிலும் அவள் யாரையும் துரத்த வேண்டியிருக்கவில்லை. அவள் கையை நீட்டினாலே எல்லோரும் அலறிக்கொண்டு ஓடினார்கள். அவளும் சிரித்துக்கொண்டு ஓடினாள். கொஞ்சநாள் போனபிறகுதான் அவளுக்குப் புரிந்தது.

மகிழினி ஒரு டாக்டரைக் கூட்டிவந்து காம்பவுண்டிலேயே கூட்டம் போட்டாள். டாக்டர் பொறுமையாக, நல்ல தமிழில் விளக்கினார். எல்லோரும் தலையாட்டினார்கள். சந்தேகம்கூடக் கேட்டார்கள். கடைசியில் சுஜா டீ போட்டு எடுத்துவந்தாள். டாக்டர் குடித்தார், மகிழினி குடித்தாள், டில்லி இரண்டு டம்ளர் குடித்தான். மற்ற டம்ளர்களில் ஆடை படிந்து, ஈ உட்கார்ந்தது. சுஜா ஒவ்வொன்றாக எடுத்துப்போய்ச் சாக்கடையில் கவிழ்த்தாள். போகும் வழியில் மகிழினி ஆட்டோவில் உட்கார்ந்து அழுதாள். "நான்தாண்ணே அந்த வரிய நிறுத்தியிருக்கணும்" என்றாள். அவளைச் சமாதானப்படுத்த டில்லிக்குத் தெரியவில்லை.

சாலமோன் வீட்டில் டில்லி சாப்பிடுவது தெரிந்துபோய், அவனுக்கும் டீக்கடையில் தனி கிளாஸ் வந்தது. சிரித்துவிட்டுக் குடித்தான். ஆனால் ஒருநாள் தன் வீட்டிலேயே தட்டைத் தேடியபோது, அது மற்ற பாத்திரங்களோடு இல்லாமல் ஜன்னல் மாடத்தில் தனியாக இருந்தது. கெங்கம்மாவைப் பார்த்தான்.

"நீ சொல்றத நம்பாம இல்லய்யா" என்றாள் அவள், கண் கலங்க. "நம்பறேன். ஆனாலும் பயமா கீது. நான் இன்னா பண்ணட்டும்?"

அவனால் கோபப்பட முடியவில்லை. அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று அவனுக்குத் தெரியும். அன்றிலிருந்து அந்தத் தட்டிலேயே சாப்பிட்டான்.

அடுத்த மழைக்காலத்தில் சாலமோன் தாம்பரத்தில் படுத்தான். அங்கே யாரும் அவனை விலக்கவில்லை. நர்ஸ்கள் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள், கையைப் பிடித்து ஊசி போட்டார்கள். டில்லி ரயிலேறி அடிக்கடி போய்வந்தான். கடைசியாகப் பார்த்தபோது சாலமோனுக்கு வாயெல்லாம் புண். பேச முடியாமல், சைகையில் டில்லியை ஏதாவது பேசச் சொன்னான். எதையாவது. டில்லி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, புடவைக்கடை தள்ளுபடி விளம்பரத்தை மெல்லிய குரலில் முழுக்கச் சொன்னான். சாலமோனின் உதடு கொஞ்சம் கோணிற்று. சிரிப்பாக இருக்கலாம்.

இறந்தபோது காம்பவுண்டிலிருந்து யாரும் வரவில்லை. ஊரிலிருந்து அவன் அண்ணன் தவசிமுத்து வந்து சேர்ந்தான். பாதிரியார் மட்டும் எதுவும் கேட்காமல் வந்து ஜெபம் செய்தார். பெட்டியைத் தூக்க ஆள் போதாமல் பகலவனும் டில்லியும் தவசிமுத்துவும் மகிழினியும் தூக்கினார்கள். மழையில் கல்லறைத் தோட்டத்து மண் குழைந்து கிடந்தது. மகிழினி செருப்பைக் கழற்றி வீசிவிட்டு நடந்தாள்.

சுஜாவுக்கும் அந்த நோய் இருந்தது. எல்சிக்கு இல்லை. தவசிமுத்து இருவரையும் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனான். அவர்கள் காலிசெய்த அன்றே சீனியம்மாள் ஆளைவிட்டு வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தாள். கட்டிலைத் தெருவில் போட்டு எரித்தார்கள். எழும்பூர் ரயில்நிலையத்தில் டில்லி தண்ணீர் பாட்டிலையும் பழத்தையும் ஜன்னல் வழியாகக் கொடுத்தான். சுஜா வாங்கிக்கொண்டாள். "அவிய ஒங்களக் கடைசிவர ஒரு வார்த்த தப்பாச் சொல்லலண்ணே" என்றாள். வண்டி கிளம்ப நேரம் பிடித்தது. எல்சி பழத்தை உரித்துத் தின்றுகொண்டிருந்தாள்.

டில்லி எய்ட்ஸ் அறிவிப்பு வேலையை விட்டுவிட்டான். சொட்டு மருந்துக்கும், கொசு மருந்துக்கும் தொடர்ந்து போனான். அவன் குரல் கேட்டால் பெண்கள் இப்போதும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள்.

இரண்டாயிரத்து நாலு கோடையில் மகிழினி ஹவுசிங் போர்டுக்கே தேடிவந்தாள். மூச்சிரைக்க மாடியேறி வந்து, "அண்ணே, அரசாங்கமே மாத்திரை குடுக்க ஆரம்பிச்சிட்டாங்க. தாம்பரத்துல. இலவசமா" என்றாள். டில்லி சட்டையைப் போட்டபடியே எஸ்டிடி பூத்துக்கு ஓடினான். தவசிமுத்துவின் பக்கத்துக்கடை எண்ணுக்குப் போட்டான். ஆளைக் கூப்பிடப் போனார்கள். பூத்தின் கண்ணாடிக்கு வெளியே மகிழினி நின்றுகொண்டிருந்தாள்.

தவசிமுத்து வந்தான். சுஜா இருக்கிறாள், ஆனால் எழுந்து நடமாட்டம் இல்லை என்றான்.

"சுஜாவாண்ட பேசணும்ணே, நானே சொல்றேன்."

தவசிமுத்து அவளிடம் கேட்டுவர வீட்டுக்குப் போனான். திரும்பி வந்து தயங்கித் தயங்கிச் சொன்னான்: "அவ பேசலயாம். ஒங்க கொரலக் கேக்க வேண்டாம்னு சொல்லுதா. மனசுல வச்சிக்கிடாதிய. ஒடம்புக்கு முடியாதவ."

டில்லி ரிசீவரை மாற்றிப் பிடித்துக்கொண்டான். "பரவால்லண்ணே. நீ கேட்டுகினு சுஜாவாண்ட சொல்லு" என்று தாம்பரத்துக்கு எப்படி வரவேண்டும், யாரைப் பார்க்கவேண்டும், தானே எழும்பூருக்கு வந்து அழைத்துப்போவது என எல்லாவற்றையும் சொன்னான். லைன் கொரகொரத்ததால் கத்திச் சொன்னான். பூத்துக்காரர், மெதுவாகப் பேசப்பா என்று கண்ணாடியைத் தட்டினார்.

ரயிலுக்குப் பதிவு செய்தார்கள். அந்த நாள் வருவதற்குள் சுஜா போய்விட்டாள். தவசிமுத்து அடக்கத்தை முடித்துவிட்டுத்தான் தகவல் சொன்னான். எல்சி பெரியப்பா வீட்டிலேயே இருக்கிறாள், பள்ளிக்கூடம் போகிறாள், நன்றாகப் படிக்கிறாள் என்றும் சொன்னான்.

எல்சியைப் போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டும் என்று டில்லிக்கு ஆசை. ஒரு பொங்கலுக்கு, அவள் அளவு தெரியாமல் பாவாடை சட்டைகூட எடுத்துவைத்தான். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றவனைக் கெங்கம்மா கேட்டாள்: "போய் அந்தப் பொண்ணாண்ட இன்னான்னு பேசுவ?"

அவன் பையை இறக்கிவைத்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தான். துணியைப் பிறகு பார்சலில் அனுப்பினார்கள்.